கீழ்த்தளத்தில் தொடங்குங்கள்: ஜூரோங்கில் பொதுவேலைக்கு வரும் இளையருக்கு

ஜூரோங்கில் பிறந்து வளர்ந்து, படிப்பை முடித்து, இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். "பொதுவேலையில் இறங்கணும் அங்கிள், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். கட்சியில் சேர்வதா, சமூக மன்றத்துக்குப் போவதா, மனு எழுதிக் கையெழுத்து வாங்குவதா என்ற குழப்பம். இந்த வட்டாரத்துப் புளோக்குகளில் பல காலம் ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கீழே உள்ள குறிப்புகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் படியுங்கள். முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. முதலில் கணக்கைப் பாருங்கள்.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. 2010க்குப் பிறகு இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, ஓர் அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு. ஊரில் ஒரு தெரு முழுக்கச் சொந்தக்காரர்களாகவே இருக்கலாம். பூன் லேயிலோ தாமான் ஜூரோங்கிலோ அது நடக்காது.

இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007இல் அறிமுகமான அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் உங்கள் புளோக்குக்கு வர வேண்டுமானால், தகுதியுள்ள வீட்டுக்காரர்களில் 75 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். மாடிக்கு மாடி மின்தூக்கி நிற்பதற்கான மேம்பாட்டுத் திட்டத்துக்கும் அதே 75தான். உங்கள் புளோக்கிலுள்ள தமிழர் அத்தனை பேரும் ஒரே குரலில் பேசினாலும், தேவையான ஆதரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. மீதி நாலு பங்கும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடமும், மேல்மாடி மலாய்க் குடும்பத்திடமும் இருக்கிறது.

இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். நமக்கு இங்கே வேறு வழி கிடையாது என்பதே நம்மைப் பழக்குகிறது. தாமான் ஜூரோங்கில் 2001 முதல் 2023 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தர்மன் சண்முகரத்னத்தைப் பாருங்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர் அல்லர். 2023 அதிபர் தேர்தலில் அவர் 70.4 விழுக்காடு வாங்கினார். நாட்டில் இந்தியர் மொத்தமே ஏறத்தாழ 9 விழுக்காடுதான். அவர் முன்பு இருந்த கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இந்த எண்களை மட்டும் மனத்தில் வையுங்கள்.

2. எது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் உள்ளாட்சித் தேர்தல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1957 டிசம்பரில் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயராக உட்கார்ந்தார். 1959இல் தன்னாட்சி வந்தபின் அந்தப் பொறுப்புகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்றைய நகர மன்றங்கள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. நீங்கள் நாடாளுமன்றத்துக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவரே உங்கள் மின்தூக்கிக்கும் பொறுப்பாளி. வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்று படிப்படியாக மேலே போவது என்ற தமிழ்நாட்டு வழி இங்கே இல்லை. ஆகவே உள்ளூர் அரசியல் என்பது இங்கே பெரும்பாலும் தேர்தலுக்கு வெளியே, இரண்டு தேர்தல்களுக்கு நடுவே நடக்கிற வேலை.

அந்த வேலைக்கு முதல் தேவை, எந்த விவகாரம் எந்த மேசைக்குப் போகும் என்ற அறிவு. நடைக்கூடம், மின்தூக்கி, கீழ்த்தளம், மாடிமேல் தண்ணீர்த் தொட்டி ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு. சாலையும் பேருந்து நிறுத்தமும் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தவை. கொசு என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம். சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகம். பெரிய வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகம்.

ஓர் எடுத்துக்காட்டு. புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குக் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூரம் ஐம்பது மீட்டர்கூட இருக்காது. அதில் முதல் பாதி புளோக்கின் இடம், பிற்பாதி சாலையோர இடம், நடுவில் ஒரு மரம், அடியில் ஒரு கால்வாய். ஆக நாலு அமைப்புகள். ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால், "இது எங்கள் எல்லைக்கு வெளியே" என்று மிக மரியாதையான பதில் ஒன்று வரும். அதிகாரி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த கோடு அதுதான். நீங்கள் செய்ய வேண்டியது, காலை ஆறரை மணிக்கு மழையில் போய் அங்கே நிற்பது. குடையோடு பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளை எண்ணுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் எந்த இடத்தில் நனைகிறார் என்று பாருங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். காகிதத்தில் ஒரு கோட்டுப்படம் வரைந்து, எந்தத் துண்டு யாருடையது என்று குறியுங்கள். அதே தாளை நால்வருக்கும், நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். "ஒன்சர்விஸ்" செயலி 2015இலிருந்து இருக்கிறது. குழாய் உடைந்தது, விளக்கு எரியவில்லை என்பதற்கு அது நன்றாக உதவும். நாலு அமைப்புகளை ஒரே மேசையில் உட்காரவைக்க மனிதர்தான் போக வேண்டும்.

3. கடிதம் எழுதப் பழகுங்கள். பிறருக்காக.

மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியை டேவிட் மார்ஷல் 1955இல் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கினார். இன்றுவரை எந்தக் கட்சி வென்றாலும் இது தொடர்கிறது. வாரத்தில் ஓர் இரவு, பெரும்பாலும் ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள், எண் சீட்டு, சில மடிக்கணினிகள். வருபவரின் குறையைக் கேட்டு, அரசாங்க அமைப்புக்குக் கடிதம் தயாரித்துக் கொடுப்பவர்கள் தொண்டூழியர்கள். உறுப்பினர் படித்து, பேசி, கையெழுத்திடுவார். அரசியலைக் கற்றுக்கொள்ள இந்த நாட்டில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. தமிழ் நன்றாகப் பேசவும் ஆங்கிலம் தெளிவாக எழுதவும் தெரிந்த இளையருக்கு அங்கே எப்போதும் வேலை இருக்கும்.

ஓர் அம்மா வந்து உட்காருவார். வாகன நிறுத்த அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எழுதித் தரச் சொல்வார். நீங்கள் உடனே தட்டச்சு செய்யத் தொடங்கினால் அந்தக் கடிதம் முடியும், அவருடைய துன்பம் முடியாது. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா, வண்டி யாருடையது?" என்று கேளுங்கள். மகனுடையது. மகன் சரக்கு விநியோகம் செய்கிறவன். முதுகுத்தண்டில் வலி வந்து சில மாதமாக வேலைக்குப் போகவில்லை. வாடகை பாக்கி. பள்ளியில் பேரனுக்குச் சாப்பாட்டுக் காசு இல்லை. அபராதத்துக்குப் பின்னால் மூன்று கடிதங்களுக்கான விஷயம் இருக்கிறது. ஒன்று வீவகவுக்கு, ஒன்று சமூக சேவை அலுவலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கு. முதலில் கேட்கப்படும் உதவி பல நேரங்களில் உண்மையான தேவை அல்ல. பெரிய தேவையைச் சொல்ல வெட்கப்பட்டு, சிறியதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

கடிதத்தின் முதல் வரியில் என்ன வேண்டும் என்பது வர வேண்டும். இரண்டாவதில் ஏன் இப்போது. மூன்றாவதில் முன்பு விண்ணப்பித்திருந்தால் அதன் எண். கண்ணீர்க் கதையை நீட்ட வேண்டாம், படிக்கும் அதிகாரிக்கு முடிவெடுக்கத் தேவையான விவரத்தைக் கொடுங்கள். அங்கே கேட்டது எதையும் காப்பிக்கடையில் பேசாதீர்கள். ஜூரோங் பெரிய ஊர்போலத் தெரியும். பேச்சுக்கு அது சின்ன ஊர்.

4. மற்றவர் வீட்டு விசேஷத்துக்கு முதலில் போங்கள்.

ஏழாம் மாத விருந்துக்கு, மலாய்த் திருமணத்துக்கு, நோன்புப் பெருநாளுக்கு. பிறகு உங்கள் தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள். புளோக் விருந்து ஏற்பாடு செய்தால் ஹலால் சான்றிதழ் உள்ள இடத்தில் சாப்பாடு சொல்லுங்கள், சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. கீழ்த்தளத்தில் நம் வீட்டுச் சாவு நேர்ந்து மேளம் வைப்பதென்றால், நகர மன்ற அனுமதியோடு நிறுத்திவிடாதீர்கள். மின்தூக்கி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று, நான்கு மொழியிலும். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். சத்தத்தால் வரும் சண்டையில் பாதி, முன்கூட்டிச் சொல்லாததால் வருவது.

5. நற்பணிச் செயற்குழு நல்ல இடம், அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

சமூக மன்றங்களில் இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கும். பொங்கல், தீபாவளி, பட்டிமன்றம், பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு எல்லாம் அங்கே நடக்கும். மேடை போட, கூட்டம் சேர்க்க, கணக்கு எழுதப் பழக அருமையான இடம். அந்த அண்ணன்மார் அக்காமார் பலர் வேலை முடிந்து களைத்து வந்து, சொந்தக் காசையும் போட்டு அதை நடத்துகிறார்கள். அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் என் கருத்து இது. இந்தியர் குழுவில் மட்டும் இருக்கும் தமிழர், தமிழர் விவகாரத்துக்கு மட்டுமே கூப்பிடப்படுவார். வசிப்போர் குழுவிலும் சேருங்கள். 1978இல் தொடங்கிய அமைப்பு அது, இப்போது பல இடங்களில் வசிப்போர் கட்டமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது. சைக்கிள் நிறுத்துமிடம், மூத்தோர் உடற்பயிற்சி, வெளியே வழியும் குப்பைத்தொட்டி என்று அங்கே வரும் பேச்சில் பங்கெடுங்கள். முதல் குறிப்பில் சொன்ன 75 விழுக்காடு அங்கிருந்துதான் வரும்.

6. அடித்தள அமைப்பும் கட்சியும் வேறுவேறு. அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வசிப்போர் குழு, சமூக மன்ற நிர்வாகக் குழு, குடிமக்கள் ஆலோசனைக் குழு எல்லாம் 1960இல் உருவான மக்கள் கழகத்தின் கீழ் வருபவை. அவற்றுக்கு ஓர் ஆலோசகர் நியமிக்கப்படுவார். ஆளும் கட்சி வென்ற தொகுதியில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரே. எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் அப்படியில்லை. இது பலமுறை விவாதத்துக்கு வந்த விஷயம், சேர்கிறவர் அறிந்திருக்க வேண்டியது. சேவை செய்ய மட்டும் விரும்பினால் அதைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். கட்சி வேலை செய்ய விரும்பினால் எந்தக் கட்சியானாலும் அதன் கிளைக்கு நேராகப் போங்கள். இரண்டையும் ஒரே சட்டைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் தங்கள் பணி விதிகளை முதலில் படிக்க வேண்டும்.

7. சட்டத்தைப் படியுங்கள்.

2009ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு நோக்கத்துக்காகப் பொது இடத்தில் ஒருவர் மட்டும் பதாகை பிடித்து நின்றாலும் அனுமதி தேவைப்படலாம். ஹாங் லிம் பூங்காவில் 2000இல் தொடங்கிய பேச்சாளர் முனைக்குத் தனி விதி உண்டு. அங்கே பேச நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கம் வைத்தால் பதிவு செய்ய வேண்டும். வீடு வீடாகப் பணம் திரட்ட அனுமதி வேண்டும். வாக்களிப்புக்கு முந்திய நாள் பிரசாரம் கூடாது. சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத உங்கள் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் நன்கொடையை அரசியல் வேலைக்கு வாங்கிவிடாதீர்கள். நல்லெண்ணம் ஒரு தற்காப்பு ஆகாது.

8. எதிர்ப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஆதாரத்தையும் மாற்று வழியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

மலாயா ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசியாகக் கிளம்பியது 2011 ஜூன் 30இல். அதற்கு முன்பே, 2010இல், அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்காமல் தொடர்ச்சியான பசுமைப் பாதையாக வைக்கலாம் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தது. இன்று மக்கள் அதில் நடக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் டோவர் காட்டில் வீடு கட்ட முடிவானபோது அக்கம்பக்கத்தார் மனு போட்டார்கள், இயற்கை ஆர்வலர்கள் அங்குள்ள பறவைகளையும் செடிகளையும் பட்டியலிட்டார்கள். 2021 ஜூலையில் வந்த முடிவு: கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியில் அடுத்த பத்தாண்டுக்குக் கட்டடம் இல்லை, இயற்கைப் பூங்கா. பாதி கிடைத்தது.

பாதி கிடைத்ததற்கு வருந்தியவர்களும் உண்டு. வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளம் தம்பதிக்கும் அந்த நிலம் வேண்டியிருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். 2012இல் வேறு வட்டாரங்களில் முதியோர் இல்லமும் மூத்தோர் வீடுகளும் தங்கள் புளோக்குக்கு அருகே வேண்டாம் என்று சிலர் மனு எழுதினார்கள். அத்தகைய மனுவில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம்மைவிட எளியவர் நம் பக்கத்தில் வருவதைத் தடுப்பதற்கு மக்கள் சேவை என்று பெயர் வைக்க முடியாது.

9. ஓட்டு இல்லாதவர்களையும் கணக்கில் சேருங்கள்.

கோவிட் பரவலின்போது, 2020 ஏப்ரல் 5ஆம் தேதி இரண்டு வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஒன்று பொங்கோல் எஸ்11. மற்றொன்று ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள வெஸ்ட்லைட் தோ குவான். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 ஊழியர்கள் அறையோடு அடைபட்டார்கள். தோ குவானைச் சுற்றி வீவக வீடுகள் இருக்கின்றன. அதுவரை, அந்த வேலிக்குள் இருப்பவர்களும் ஜூரோங்வாசிகள்தான் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? அவர்களில் நம் மொழி பேசுபவர்கள் நிறைய. மருத்துவர் கேட்பது புரியாத பையனுக்குத் தொலைபேசியில் தமிழில் எடுத்துச் சொன்னவர்கள், சாப்பாட்டுப் பொட்டலம் ஏற்பாடு செய்தவர்கள், ஊரிலிருக்கும் மனைவியோடு பேசக் கைப்பேசிக் கட்டணம் போட்டுக் கொடுத்தவர்கள், எல்லாரும் அன்று செய்தது சுத்தமான உள்ளூர்ப் பணி. டிடபிள்யூசி2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற ஊழியர் உதவி அமைப்புகள் அதற்கு முன்பும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் கூடும் பெஞ்சுருவில் ஓர் அரைநாள் கொடுங்கள். சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு படிக்கத் தெரிந்தாலே போதும், உங்களுக்கு அங்கே வேலை உண்டு.

நிரந்தரவாசிகளாக இருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தொண்டூழியத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஓட்டுக்கும் வேட்பு மனுவுக்கும் குடியுரிமை வேண்டும். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழ்வேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாகத் தமிழர்களைப் பதிந்துகொள்ளும்படி இடைவிடாமல் வற்புறுத்தினார். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே இங்கே ஆயுளைக் கழித்தவர்களிடம், இருக்கும் இடத்தில் உரிமை வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. முடிவு உங்கள் குடும்பத்தினுடையது. தள்ளிப்போடாமல் எடுங்கள்.

10. வட்டாரத்துப் பழங்கதையைக் கேட்டு வையுங்கள்.

1961இல் சதுப்பு நிலத்தைத் தூர்த்து இந்தத் தொழிற்பேட்டையைத் தொடங்கினார்கள். அதை முன்னெடுத்த கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். 1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துப் பட்டறை ஊழியர்கள் இன்னும் உங்கள் புளோக்குகளில் இருக்கிறார்கள், கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு என்பது ஜூரோங்கில் ஏன் வீட்டு விவகாரம் என்று விளங்கும்.

11. தோற்கத் தயாராக வாருங்கள்.

ஜே. பி. ஜெயரத்னம் 1972, 1976, 1977, 1979, 1980 என்று ஐந்து முறை நின்று தோற்றார். தேவன் நாயர் அதிபராகப் போனதால் காலியான ஆன்சன் தொகுதியில் 1981 அக்டோபர் 31இல் வென்றார். சுதந்திரத்துக்குப் பிறகு தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர். அந்த வெற்றிக்குக் காரணம் பல. அவற்றில் ஒன்று பிளேர் பிளேன் பகுதியில், துறைமுக ஆணையக் குடியிருப்பிலிருந்து வெளியேற வேண்டிய நிலையில் இருந்தவர்களின் மனக்குறை. அவர்கள் வீட்டுக் கவலை ஒரு தேர்தலின் போக்கை மாற்ற உதவியது. மறுபக்கம், ஆளும் கட்சியின் முரளி பிள்ளை. புக்கிட் பாத்தோக்கில் பல ஆண்டு தொண்டூழியராக இருந்தவர், 2015இல் அல்ஜூனிட்டில் தோற்று, 2016 மே மாதம் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் 61.2 விழுக்காட்டோடு வென்றார். இரண்டு எதிரெதிர்க் கட்சிகள். இருவரும் தோற்றபின் வீட்டுக்குப் போய்விடவில்லை.

நிற்கவே முடிவு செய்தால்: 21 வயது, குடியுரிமை, வாக்காளர் பட்டியலில் பெயர். முன்மொழிபவர், வழிமொழிபவர், மேலும் குறைந்தது நான்கு ஆதரவாளர், அனைவரும் அத்தொகுதி வாக்காளர்கள். 2025 பொதுத் தேர்தலில் வைப்புத்தொகை தலைக்கு 13,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அது போய்விடும். வீட்டில் பேசிவிட்டு நில்லுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் யாரும் வேட்பாளர் ஆகக் கூடாது.

12. எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஆளைத் தயார் செய்யுங்கள்.

தலைவர் பதவியில் பத்துப் பதினைந்து ஆண்டு ஒரே ஆள் இருந்து, அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் குழுவே கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்குத் தொலைபேசி செய்வது, எந்தக் கடிதம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த வீட்டில் தனியாக மூத்தோர் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. பொறுப்பு ஏற்ற முதல் ஆண்டே உங்களுக்கு அடுத்து வருபவரைத் தேடுங்கள், அவர் தமிழராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூட்டத்துக்கு அழைத்துப்போங்கள், பேச விடுங்கள், கடிதத்தில் அவர் பெயரையும் போடுங்கள். கோப்பு ஒன்றை ஒழுங்காக வைத்து, விலகும் நாளில் சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள். மின்தூக்கி ஒப்பந்தக்காரரின் எண் அதில் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.